1630-களில் குடியேறிய ஆங்கிலேய முன்னோரை எப்படி உறுதி செய்வது?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மருமகள் ஒஹாயோவில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர். தங்கள் முன்னோர் 1630-களில் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்து குடியேறியவர்கள் என்றும், மேஃப்ளவர் கப்பலில் வந்த ஒருவரும் அந்த வழியில் உண்டு என்றும் அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இணையத்தில் யாரோ போட்டு வைத்த வம்ச மரம் ஒன்று 1500 வரைக்கும் நேராகப் போகிறது. பேரனுக்கு இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதி வைக்க ஆசைப்படுகிறீர்கள். இதை நம்பி எழுதலாமா, சரிபார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் சொல்வது உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த இணைய மரத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலான வடகிழக்கு அமெரிக்கப் பகுதி) வம்சாவளிகளில் 1630-களைப் பற்றித் தெரிந்துகொள்வது சுலபம். சிக்கலெல்லாம் 1780-க்கும் 1850-க்கும் நடுவில்தான். மரம் முறிவதும், வேறொரு வீட்டுக் கிளை வந்து ஒட்டிக்கொள்வதும் அங்கேதான். நானூறு வருடத்துக்கு முந்தையதுதான் கஷ்டம், இருநூறு வருடத்துக்கு முந்தையது எளிது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் கப்பல் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வாய்ப்பு நல்லது என்று ஏன் சொல்கிறேன்? 1620-ல் மேஃப்ளவர் 102 பயணிகளோடு வந்து சேர்ந்தது. 1630-ல் ஜான் வின்த்ராப் தலைமையில் ஆர்பெல்லா முதலான பதினோரு கப்பல்கள் வந்து, பாஸ்டன் உருவானது. 1640-க்குள் நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். அப்புறம் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டதும் வரத்து அநேகமாக நின்றே போனது. அடுத்த நூற்றைம்பது வருடம் அந்தப் பகுதியின் மக்கள்தொகை பெருகியது பெரும்பாலும் இவர்களுடைய பிள்ளைகுட்டிகளால்தான். வீட்டுக்கு எட்டு, பத்துக் குழந்தைகள் சாதாரணம். ஒஹாயோவின் வடகிழக்கு மூலையோ கனெக்டிகட் மாநிலம் தனக்கென்று வைத்துக்கொண்டு விற்ற நிலம். வெஸ்டர்ன் ரிசர்வ் என்று இன்றும் சொல்வார்கள். தென்கிழக்கில் மேரியெட்டா ஊரை 1788-ல் நிறுவியவர்களும் நியூ இங்கிலாந்துக்காரர்கள். ஆக, ஒஹாயோவில் பழைய குடும்பம் என்றால் அந்த 20,000 பேரில் சிலர் முன்னோராக இருப்பது அதிசயமே இல்லை.

கணக்கையும் பாருங்கள். உங்கள் பேரனிலிருந்து 1630-க்குப் போகப் பன்னிரண்டு, பதின்மூன்று தலைமுறை ஆகும். பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே 4,096 இடங்கள். அதில் 2,048 உங்கள் பக்கம், 2,048 மருமகள் பக்கம். சின்னச் சின்ன ஊர்களில் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் ஒரே ஆள் பல இடங்களில் வருவார். அப்படியும் நூற்றுக்கணக்கான தனி ஆட்கள் மிஞ்சுவார்கள். வீட்டில் "எங்கள் முன்னோர்" என்று சொல்லும்போது மனதில் இருப்பது குடும்பப் பெயர் வழியில் வரும் ஒரே ஒரு ஆள். அந்த வழி எங்காவது அறுந்தாலும், ஒரு கொள்ளுப்பாட்டி வழியாக இன்னொரு வழி அழகாக 1635-க்குப் போய்விடும். பெண்வழிகளைத் தேடாமல் விடுபவர்கள்தான் அதிகம். பலன் பெரும்பாலும் அங்கேதான்.

1630-கள் எளிது என்றதற்குக் காரணம், அங்கே குடியேறிய பியூரிட்டன்கள் (கட்டுப்பாடு மிகுந்த ஆங்கிலேயக் கிறிஸ்தவப் பிரிவினர்) எதையும் எழுதி வைப்பவர்கள். 1639-லேயே மாசசூசெட்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஊர்ப் பதிவேடு, சர்ச்சில் சேர்ந்தவர் பட்டியல், நிலப் பங்கீடு, கோர்ட் வழக்கு, உயில் என்று ஏராளமாகத் தப்பியிருக்கின்றன. மாசசூசெட்ஸில் பெரும்பாலான ஊர்களின் 1850 வரையிலான பதிவுகள் அகரவரிசையில் அச்சாகியிருக்கின்றன. கனெக்டிகட்டுக்கு பார்பர் தொகுப்பு, ரோட் ஐலண்டுக்கு ஆர்னால்டு தொகுப்பு. 1700-க்கு முன் நடந்த நியூ இங்கிலாந்துத் திருமணங்களையெல்லாம் கிளாரன்ஸ் டாரி என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேகரித்து வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1845-ல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஹிஸ்டாரிக் ஜெனியலாஜிக்கல் சொசைட்டியின் கீழ், 1988 முதல் ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் நடத்திய ஆய்வு இருக்கிறது. 1620 முதல் 1635 வரை வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் எடுத்து, எந்த ஊரிலிருந்து வந்தார், எப்போது, மனைவி யார், பிள்ளைகள் யார், இதற்கெல்லாம் ஆதாரம் எது, பழைய புத்தகங்கள் சொன்னதில் எது தவறு என்று பத்துத் தொகுதிகளில் பிரித்துப் போட்டிருக்கிறார். அந்தக் காலத்துச் சாதாரண விவசாயிக்கும் தச்சனுக்கும் இந்த அளவு வாழ்க்கைக் குறிப்பு கிடைக்கும் இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

ஆகவே உங்கள் வேலை, மருமகளிலிருந்து தொடங்கி அந்தப் பத்துத் தொகுதிகளின் வாசல் வரைக்கும் போய்ச் சேருவது. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்ப்போமே, அந்த மாதிரிதான். இன்று விற்பவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு பத்திரம் வேண்டும். நடுவில் ஒன்று இல்லையென்றால், அதற்கு முந்தைய பத்திரங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை வேறொருவர் நிலத்தின் பத்திரங்கள். வம்சாவளியிலும் ஒருவர் பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் இரண்டாம் பட்சம். "இவர் இன்னார் மகன்" என்று காட்டும் ஆவணம் எது என்பதுதான் ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி.

இன்றிலிருந்து 1850 வரை போவது பெரும்பாலும் சிரமமில்லை. ஒஹாயோவில் 1908 டிசம்பர் முதல் மாநில அளவில் இறப்புச் சான்றிதழ்கள் உண்டு. அவற்றில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். 1867 முதல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு. பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1950 வரையிலானவை பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. 72 வருடம் கழித்துத்தான் திறப்பார்கள். 1900 கணக்கெடுப்பு அருமையானது: பிறந்த மாதமும் வருடமும், கல்யாணமாகி எத்தனை வருடம், அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்று இருக்கும். 1890-ஐத் தேடாதீர்கள், 1921-ல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயோடு அநேகமாக எல்லாம் போய்விட்டது. 1880-ல்தான் முதன்முதலாக வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதினார்கள். 1850-ல் அடிமைகள் தவிர எல்லோர் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் உண்டு, உறவு கிடையாது. அதாவது ஒரே வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பையன் மகனா, தங்கை மகனா, வேலைக்கு வந்தவனா என்று அந்தத் தாள் சொல்லாது.

இதையெல்லாம் ஃபேமிலி சர்ச் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

அடுத்தது 1850-க்கு முன். அங்கே தரை திடீரென்று கீழே போய்விடும். 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. ஒஹாயோவின் 1810 கணக்கெடுப்பு பெரும்பாலும் தொலைந்தே விட்டது. அதே சமயம்தான் மக்கள் பெட்டிபடுக்கையோடு மேற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்: கனெக்டிகட்டிலிருந்து வெர்மான்ட், அங்கிருந்து நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி, பிறகு ஒஹாயோ. கிளம்பிய ஊரில் பிறப்புப் பதிவு இருக்கிறது. போய்ச் சேர்ந்த ஊரில் கல்லறை இருக்கிறது. நடுவில் நியூயார்க்கில் மாட்டிக்கொண்டால் திண்டாட்டம்தான், ஏனென்றால் அங்கே மாநில அளவில் ஒழுங்கான பதிவு 1880 வாக்கில்தான் தொடங்கியது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒஹாயோவில் 1850-ல் 58 வயதுக்காரர் ஒருவர், பிறந்த இடம் கனெக்டிகட். கனெக்டிகட் பதிவேட்டைத் திறந்தால் அதே பெயரில் 1791, 1792, 1793 என்று மூன்று குழந்தைகள், மூன்று வெவ்வேறு ஊர்களில். இணைய மரம் போட்டவர் என்ன செய்திருப்பார்? எந்தக் குழந்தையின் தாத்தா பெயர் புத்தகத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு சொடுக்கலில் பின்னால் இருக்கிற நானூறு பேர் இலவசமாக வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்துபோனதை ஊர்க் கல்லறையில் யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தைத் தாண்ட எனக்குப் பிடித்த வழி நிலப் பத்திரங்கள். ஒருவர் புது ஊரில் முதன்முதலாக நிலம் வாங்கும் பத்திரத்தில், "கனெக்டிகட் மாநிலம், இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார்" என்று பழைய ஊர் பல சமயம் இருக்கும். பழைய ஊரில் அவர் கடைசியாக விற்கும் பத்திரத்தைத் தேடினால், "இப்போது ஒஹாயோவில் வசிக்கும்" என்று எதிர்முனை கிடைக்கலாம். இரண்டும் கிடைத்துவிட்டால் அந்த மூன்று பேரில் இவர் யார் என்ற கேள்வி தீர்ந்தது.

அப்பா இறந்த பிறகு நடக்கும் சொத்துப் பங்கீடு இன்னும் நல்லது. உயில் எழுதாமல் இறந்தால் காலனிக் கால மாசசூசெட்ஸில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு அனுபவ உரிமை, மீதியில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. கோர்ட் நியமித்த ஆட்கள் வீட்டுக்கே போய், நிலத்தை அளந்து, வீட்டையும்கூடப் பிரிப்பார்கள்: விதவைக்கு மேற்குப் பக்கத்து அறை, நிலவறையில் பாதி, கிணற்றுக்குப் போகும் வழி, இப்படி. அந்தக் காகிதத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும், மணமான பெண்களுக்குக் கணவன் பெயரும், இறந்துபோன மகளுக்குப் பதில் பேரப்பிள்ளைகளின் பெயரும் வந்துவிடும். நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரம் படித்துப் பழகிய உங்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

இன்னொரு புதையல், அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களின் ஓய்வூதியக் கோப்புகள். சுமார் 80,000 கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1832 சட்டப்படி விண்ணப்பிக்க, எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் கோர்ட்டில் நின்று, எங்கே பிறந்தேன், எந்தப் படையில் இருந்தேன், போருக்குப் பிறகு எந்தெந்த ஊரில் குடியிருந்தேன் என்று சத்தியம் செய்து சொன்னார்கள். நமக்கு வேண்டிய அந்த நடு வழியை அவர்களே வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். 1836-க்குப் பிறகு விதவைகளும் விண்ணப்பித்தார்கள். கல்யாணத்துக்குச் சான்று கேட்டபோது, வீட்டு பைபிளில் பிறப்பு இறப்பு எழுதி வைத்திருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அந்தப் பக்கங்கள் இன்றும் கோப்புக்குள் இருக்கின்றன.

நியூ இங்கிலாந்து ஊர்களில் வெளியேற்ற எச்சரிக்கை என்று ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் குடிவரும் ஏழைக் குடும்பம் நாளைக்கு ஊர்ச் செலவில் சாப்பிட வந்துவிடுமோ என்ற பயத்தில், "நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை" என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். அதில் கணவன், மனைவி, பிள்ளைகள் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் எல்லாம் இருக்கும். மனிதாபிமானமே இல்லாத வழக்கம்தான். ஆனால் நிலமோ உயிலோ இல்லாத ஏழைக் குடும்பங்களுக்குப் பல இடங்களில் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான்.

1880-களில் கவுண்டி கவுண்டியாக வந்த வரலாற்றுப் புத்தகங்களும் கண்ணில் படும். பெரும்பாலும் பணம் கட்டியவர்கள் தங்களைப் பற்றியே சொல்லி எழுதவைத்தவை. அப்பா, தாத்தா வரைக்கும் நம்பலாம். "மூன்று சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள், ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், மூன்றாமவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை" என்று தொடங்கினால் அந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோரையும் உறவாக்க யாரோ கண்டுபிடித்த கதை அது. பாதி அமெரிக்காவுக்கு இதே மூன்று சகோதரர்கள்தான்.

1750-க்கு மேலே போய்விட்டீர்கள் என்றால் சில பழக்கங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1752 வரை ஆங்கிலேயர்களுக்குச் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல். ஜனவரி, பிப்ரவரி தேதிகளை 1640/41 என்று இரண்டு வருடமாக எழுதியிருப்பார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததே பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11, புதுக் கணக்கில் 1732 பிப்ரவரி 22. பியூரிட்டன்கள் மாதங்களின் பெயரைத் தவிர்த்து எண் போடுவார்கள். மார்ச்தான் முதல் மாதம், எனவே "12-ம் மாதம்" என்றால் பிப்ரவரி. இது தெரியாமல் எழுதினால் கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்த கணக்காகிவிடும். பாவம், அந்தப் பெண்மணி மீது அபவாதம்.

ஊர்ப் பதிவேட்டில் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா மகன் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ஊரில் அதே பெயரில் மூத்தவர், இளையவர் என்றுதான் அர்த்தம். சித்தப்பாவும் அண்ணன் மகனும் ஆகலாம், சம்பந்தமே இல்லாதவர்களும் ஆகலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். உயிலில் 'கசின்' என்பது அண்ணன் மகனாக இருக்கலாம், 'மதர் இன் லா' மாற்றாந்தாயாக இருக்கலாம். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க மனைவியின் பெயர், நிலத்தின் எல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இவற்றைப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் போடும் கைக்குறியும் உதவும். ஒருவர் வட்டம் போடுவார், ஒருவர் தன் பெயரின் முதல் எழுத்தைத் தலைகீழாகப் போடுவார், வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் அதையேதான் போடுவார்.

இனி அந்த இணைய மரம். 1630-க்கு முன்னால் யாராவது "பாஸ்டன், மாசசூசெட்ஸ்" என்ற இடத்தில் பிறந்ததாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்டன் ஊரே 1630-ல்தான் உருவானது. இங்கிலாந்தில் லிங்கன்ஷைரில் உள்ள பழைய பாஸ்டனைத் தளத்தின் தானியங்கிப் பட்டியல் மாற்றிப் போட்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எட்டு வயதில் பிள்ளை பெற்ற தாய், இறந்து மூன்று வருடம் கழித்துத் தகப்பனானவர், பெயருக்குப் பின்னால் குடும்பச் சின்னம் என்று ஒரு கேடயப் படம், இவையெல்லாம் அபாய அறிகுறிகள். கேடயச் சின்னம் ஆங்கிலேய மரபில் தனி நபருக்கும் அவர் நேர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரு குடும்பப் பெயருக்கு என்று பொதுவாகச் சின்னம் கிடையாது. ஐம்பது மரங்களில் ஒரே தகவல் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். ஒன்றைப் பார்த்து நாற்பத்தொன்பது பேர் நகல் எடுத்ததாகத்தான் இருக்கும்.

வேண்டுமென்றே பொய்யாகச் செய்தவர்களும் உண்டு. 1942-ல் இறந்த குஸ்தாவ் ஆன்ஜோ என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். அமெரிக்கக் குடியேறியிலிருந்து இங்கிலாந்துப் பிரபு குடும்பத்துக்கு ஒரு தாவல், ஆவணத்தில் இல்லாத உயில்கள், இருந்திராத பதிவுகள், எல்லாம் அச்சு அசல் போல. அவர் கைவரிசை காட்டிய குடும்ப வரலாறுகள் நூற்றுக்கு மேல். இன்றைய இணைய மரங்களில் அவருடைய ஆட்கள் இன்னும் உயிரோடு நடமாடுகிறார்கள். உங்கள் மரம் 1500 வரை நேராகப் போகிறது என்றதும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான்.

மேஃப்ளவர் விஷயம். அதில் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார்கள். ஆகவே சந்ததி உள்ள குடும்பங்கள் மிகச் சிலவே, பெயர்கள் எல்லாம் தெரிந்தவை. அவர்கள் அமைத்த ப்ளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டே 1650 வாக்கில் உட்கார்ந்து, கப்பலில் வந்த ஒவ்வொரு குடும்பமும் எப்படிப் பெருகியது, எது அற்றுப்போனது என்று எழுதி வைத்திருக்கிறார். புயலில் கடலில் விழுந்து, தொங்கிய கயிற்றைப் பிடித்துத் தப்பிய ஜான் ஹவ்லண்டைப் பற்றியும் அவரே சொல்கிறார். அந்தக் கயிறு கைக்கு எட்டாமல் போயிருந்தால் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இல்லை, அதிபர்கள் புஷ் அப்பா மகனும் இல்லை. ஹவ்லண்டுக்குப் பத்துப் பிள்ளைகள். 1897-ல் தொடங்கிய மேஃப்ளவர் சந்ததியர் சங்கம், ஒவ்வொரு பயணிக்கும் முதல் ஐந்து தலைமுறையை ஆவணத்தோடு அச்சிட்டு வருகிறது. அது நீங்கள் இறங்க வேண்டிய துறை. ஐந்தாம் தலைமுறை ஏறக்குறைய 1700-களின் நடுவில் முடியும். அங்கே இருக்கும் ஒருவரோடு மருமகளின் வழியை இணைத்தால் போதும். சங்கத்தில் சேர விண்ணப்பித்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று கேட்டுக் குடைவார்கள். சேரும் எண்ணம் இல்லாவிட்டாலும், மருமகளின் பெரியம்மா, மாமா என்று யாராவது முன்பே சேர்ந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அந்தப் பழைய விண்ணப்பம் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். முடிவில் மேஃப்ளவர் கிடைக்காமல் 1630-களின் ஏதோ ஒரு கப்பல் கிடைத்தால் ஏமாற வேண்டாம். பழைய குடும்பம் என்றாலே மேஃப்ளவர் என்று சொல்லிவிடுவது அங்கே வழக்கம்.

அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போவது கடைசி வேலை. அங்கே சர்ச் பதிவேடுகள் 1538-ல் தொடங்குகின்றன. குடியேறியவர்களில் பலர் சஃபோக், எசெக்ஸ், நார்ஃபோக் போன்ற கிழக்குப் பகுதிக்காரர்கள். ஆனால் அங்கே அதே பெயரில், சரியான வருடத்தில் ஒரு ஞானஸ்நானப் பதிவைப் பார்த்ததும் இவர்தான் என்று குதிக்கக் கூடாது. அந்தக் குழந்தை அந்த ஊரிலேயே வளர்ந்து, மணந்து, அங்கேயே புதைக்கப்பட்டதா என்று அதே பதிவேட்டில் பார்க்க வேண்டும். உறுதியான சான்று என்றால், ஒரு அப்பாவோ அத்தையோ இங்கிலாந்தில் எழுதிய உயிலில் "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு" என்று வருவது. கேன்டர்பரி கோர்ட்டில் பதிவான அத்தகைய உயில்கள் லண்டனில் கியூ காப்பகத்தில் இருக்கின்றன. வந்தவர்களில் கணிசமானோருக்குச் சொந்த ஊர் எது என்று ஆண்டர்சனாலேயே சொல்ல முடியவில்லை. உங்கள் வழியும் அங்கே நின்றால் நிற்கட்டும்.

வந்தவர்கள் எல்லோரும் தங்கவும் இல்லை. நம் ஊரோடு தொடர்புள்ள ஆளே ஒருவர் உண்டு. எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர். குடும்பம் 1652-ல் இங்கிலாந்து திரும்பியது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சென்னைக்கு வந்து, 1687-லிருந்து 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக இருந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணமே அவருடையதுதான், 1680 நவம்பர். பாஸ்டன், இங்கிலாந்து, சென்னை என்று மூன்று இடத்துப் பதிவுகளைச் சேர்த்தால்தான் அந்த ஒரு ஆளின் வாழ்க்கை முழுதாகும்.

டிஎன்ஏ பரிசோதனை பற்றியும் கேட்பீர்கள். 1630-ல் வந்த ஒருவரிடமிருந்து பன்னிரண்டு தலைமுறை கழித்து வரும் பங்கு சராசரியாக 4,096-ல் ஒன்று, நடைமுறையில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஐந்தாறு தலைமுறைக்குள் நடந்ததைச் சரிபார்க்க உதவும், அதாவது அந்தச் சிக்கலான 1800-களுக்கு. அப்பா வழியே ஆண்களுக்கு மட்டும் போகும் ஒய் டிஎன்ஏ பல நூற்றாண்டு தாங்கும். மருமகளின் அப்பாவோ அண்ணனோ தம்பியோ கொடுத்தால் குடும்பப் பெயர் வழி ஒன்றுக்குப் பயன்படும்.

ஏதாவது ஒரு கிளை வடக்கே போகாமல் வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் இதில் பாதி செல்லாது. அங்கே ஜேம்ஸ்டவுன் 1607-லேயே தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இளைஞர்கள். ஒரு ஆளைக் கப்பல் செலவு கொடுத்துக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் நிலம் என்ற முறை இருந்ததால், நிலப் பத்திரங்களில் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்கள் கிடைக்கும். 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் கோரிய பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அவ்வளவு முன்பே நம் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே! ஆனால் 1865-ல் ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே அனுப்பி வைத்திருந்த பல கவுண்டிகளின் பழைய ஆவணங்கள் சாம்பலாயின. அந்தக் கவுண்டிகளில் மாட்டிக்கொண்டால் நிலவரியும் பக்கத்துக் கவுண்டியும்தான் கதி.

தேடும்போது விரும்பாததும் கண்ணில் படும். இறந்தவரின் சொத்துப் பட்டியலில் இறகு மெத்தை, ஈயத் தட்டு, பசு மாடு என்று எழுதிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு மனிதரின் பெயரும் விலையும் இருக்கும். நியூ இங்கிலாந்திலும்தான், மாசசூசெட்ஸ் 1641-லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. 1637 போரில் பிடிபட்ட பீக்வாட் பழங்குடியினரைக் கப்பலேற்றி விற்று, அதே கப்பலில் 1638-ல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு பெயர் கிடைத்தால் பேரனுக்கு எழுதும் நோட்டில் அதையும், ஊர், தேதி, ஆவண எண்ணோடு எழுதிவிடுங்கள். அந்த அடிமையின் சந்ததியில் யாராவது தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குக் கணக்கெடுப்பும் உயிலும் பெரும்பாலும் கைகொடுக்காது, இது கொடுக்கும்.

சரி, நாளைக்கே செய்ய வேண்டியது. மருமகளின் தாத்தா பாட்டிகள் நான்கு பேரின் இறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் வரவழையுங்கள். அங்கிருந்து கணக்கெடுப்பு வழியாக ஒவ்வொரு கிளையையும் 1850-க்குக் கொண்டுவாருங்கள். இணைய மரத்தை மூடி வையுங்கள், இடையில் எட்டிப் பார்க்க வேண்டாம். 1850-ல் எந்தக் கவுண்டி, என்ன வயது, பிறந்த மாநிலம் எது என்று தெரிந்ததும் எழுதுங்கள். அந்தக் கவுண்டியில் நிலப் பத்திரமும் சொத்துப் பங்கீடும் எந்த வருடத்திலிருந்து இருக்கின்றன, எதை முதலில் பார்ப்பது என்று அப்போது சொல்கிறேன்.